கசடு ஏற்றிய லாரி எங்கே போகும்? மெய்ன் மாநிலத் தடைச் சட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர், அதாவது 10 எம்.எல்.டி. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நகராட்சி நிலையம் (எஸ்.டி.பி.) ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் நீரில் பி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவுகோல்) லிட்டருக்கு 200 மில்லிகிராம், வெளியேறும் நீரில் 10. தினமும் 1,900 கிலோ பி.ஓ.டி. நீங்குகிறது. கிலோவுக்குச் சற்றேறக்குறைய 0.95 கிலோ உலர்கசடு என்று கணக்கிட்டால் 1.8 டன் வரும். பெல்ட் பிரஸ்ஸில் பிழிந்த கட்டியில் திடப்பொருள் 20 சதவீதம்தான். ஆகவே நிலையத்தின் வாசலைத் தாண்ட வேண்டிய எடை 9 டன். தினம் ஒரு லாரி. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பண்டிகை நாளும் உண்டு.

கசடுக்கு விதி எழுத உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த லாரியைத்தான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலம் 2022-இல் அந்த லாரி உரமாக வயலுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல் முழுத் தடை. சட்டத்துக்கான காரணம் அப்பழுக்கற்றது: கசடிலுள்ள, எளிதில் அழியாத பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள்கள் வயலையும் கிணற்றையும் கெடுத்தன. ஆனால் அடுத்த ஆண்டே அந்த மாநிலத்தின் கசடு வேற்று நாட்டுக்குப் பயணப்பட்டது. இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள்.

1993 விதி எதை அளந்தது?

அமெரிக்கக் கூட்டரசின் கசடு விதி 1993 பிப்ரவரியில் வெளியானது. துறையில் இருப்பவர்கள் அதை ‘பகுதி 503’ என்பார்கள். மூன்று கேள்விகளை மட்டும் அது கேட்கிறது: உலோகம் எவ்வளவு, நோய்க்கிருமி எவ்வளவு, ஈயும் எலியும் மொய்க்குமா.

உலோக வரம்பு இரண்டு அடுக்கு. எந்த ஒரு மாதிரியும் தாண்டக் கூடாத உச்சவரம்பு ஒன்று. தாராளமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் மாத சராசரி இன்னொன்று. உலர் எடையில் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் காட்மியத்துக்கு 85, 39. காரீயத்துக்கு 840, 300. பாதரசத்துக்கு 57, 17. துத்தநாகத்துக்கு 7,500, 2,800. குரோமியமும் பட்டியலில் இருந்தது. 1994-இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது கழன்றுகொண்டது. எஞ்சியவை ஒன்பது.

கிருமிக்கு இரண்டு வகுப்புகள். ஏ வகுப்பில் கிராம் உலர்கசடுக்கு மலக்கோலிஃபார்ம் 1,000-க்குக் கீழ், அல்லது நான்கு கிராமுக்கு சால்மோனெல்லா 3-க்குக் கீழ் இருக்க வேண்டும். இதோடு 55 டிகிரி வெப்பத்தில் கம்போஸ்ட் செய்வது போன்ற ஒரு முறையும் கட்டாயம். காற்றூட்டிய குவியலென்றால் மூன்று நாள்; கிளறிவிடும் வரிசைக் குவியலென்றால் 15 நாள், ஐந்து முறை புரட்டல். பி வகுப்பில் ஏழு மாதிரிகளின் பெருக்கல் சராசரி 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் போதும். மிச்சக் கிருமியை வெயிலும் காலமும் கொல்லட்டும் என்று நிலத்துக்குக் காத்திருப்புக் காலம் வைத்தார்கள். மாடு மேய 30 நாள். மண்ணைத் தொடும் காய்களைப் பறிக்க 14 மாதம். கிழங்கு என்றால் 20 முதல் 38 மாதம்.

நல்ல விதிதான். ஆலைகள் சாக்கடைக்குள் விடும் முன்பே உலோகத்தைப் பிரித்தாக வேண்டும் என்ற முன்சுத்திகரிப்பு விதியும் சேர்ந்து நகராட்சிக் கசடில் காட்மியத்தையும் காரீயத்தையும் பெருமளவு குறைத்தது. கிருமி விஷயத்திலும் அதன் தர்க்கம் செல்லும், ஏனென்றால் கிருமி செத்துவிடும். காலம் கடந்தாலும் சாகாத ஒன்று கசடில் இருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய மாசுகளைத் தேடிப் பரிசீலிக்கும் கடமை சுற்றுச்சூழல் முகமைக்குச் சட்டப்படி இருந்தது. அந்த முகமையின் தலைமை ஆய்வாளர் 2018-இல் கொடுத்த அறிக்கை, கசடில் கண்டறியப்பட்டும் ஆபத்தை மதிப்பிட முடியாமல் கிடந்த மாசுகள் 352 என்றது. அதில் ஒரு குடும்பம் பி.எஃப்.ஏ.எஸ்.

பாலில் தெரிந்தது

மெய்னின் தென்கோடியில் அருண்டெல் என்ற ஊர். அங்கே ஒரு பால்பண்ணை 1983 முதல் 2004 வரை அனுமதியோடு தன் புல்வெளிகளில் நகராட்சிக் கசடைப் பரப்பியது. இலவச உரம், விதிப்படி எல்லாம் சரி. 2016-இல் பக்கத்திலிருந்த குடிநீர்க் கிணறு ஒன்றில் பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற சேர்மம் தென்பட்டது. தடம் பிடித்துப் போனால் பண்ணை. மண்ணில் இருந்தது, வைக்கோலில் இருந்தது, பாலில் இருந்தது. கசடு பரப்புவது நின்று பன்னிரண்டு ஆண்டு கழிந்திருந்தது.

பாலுக்கு மாநிலம் ஒரு நடவடிக்கை வரம்பு வைத்தது: பி.எஃப்.ஓ.எஸ். 210 பி.பி.டி., அதாவது லிட்டருக்கு 210 நானோகிராம். 2020-இல் கடைப்பால் சோதனை வழியே நடுமெய்னில் ஃபேர்ஃபீல்டு பகுதியில் இன்னொரு பண்ணை சிக்கியது. சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளையும் சோதித்தார்கள். ஆறு பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களின் கூட்டுத்தொகை 20 பி.பி.டி.க்கு மேல் போகக் கூடாது என்று 2021-இல் மாநிலம் குடிநீருக்கு வரம்பு வைத்தது. சில கிணறுகளில் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. ஃபேர்ஃபீல்டு வட்டாரக் கசடுக்குக் காகித ஆலைத் தொடர்பு உண்டு. எண்ணெய் ஒட்டாத காகிதத்துக்குப் பூசும் பொருளில் பி.எஃப்.ஏ.எஸ். இருந்தது, ஆலைக் கழிவுநீர் வழியே கசடுக்கு வந்தது.

அளவு எத்தனை சிறியது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர் எடையில் 50 பி.பி.பி. (கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்) பி.எஃப்.ஓ.எஸ். உள்ள கசடை ஹெக்டேருக்கு 10 உலர்டன் வீதம் ஒருமுறை பரப்பினால் நிலத்துக்குப் போவது அரை கிராம். உப்புக் கல் ஒரு சிட்டிகை. மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 2,000 டன். அதில் கலந்தால் 0.25 பி.பி.பி. இருபது ஆண்டு, ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 5 பி.பி.பி. வரை ஏறும். இப்போது அந்த அரை கிராம் முழுதும் நிலத்தடி நீருக்கு இறங்குவதாக வைப்போம். 20 பி.பி.டி. அளவுக்கு அது கெடுக்கக்கூடிய தண்ணீர் 2.5 கோடி லிட்டர். கூட்டரசு 2024-இல் இந்தச் சேர்மத்துக்குக் குடிநீரில் வைத்த 4 பி.பி.டி. வரம்பில் பார்த்தால் 12.5 கோடி லிட்டர். ஒரு ஹெக்டேரில், ஒரே ஒரு தடவை பரப்பியதற்கு.

சுத்திகரிப்பு நிலையம் இதை அழிப்பதில்லை. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பை ஏரேஷன் டேங்கில் (காற்றூட்டும் தொட்டி) உள்ள எந்தப் பாக்டீரியாவும் உடைப்பதில்லை. பி.எஃப்.ஓ.எஸ். கசடில் ஒட்டுகிறது, அதன் தம்பி பி.எஃப்.ஓ.ஏ. பெரும்பாலும் நீரோடு போய்விடுகிறது. உள்ளே வரும் நீரில் அளந்ததைவிட வெளியே போகும் நீரிலும் கசடிலும் சேர்த்து அளந்தது கூடுதலாக இருப்பதும் சகஜம். முன்னோடிச் சேர்மங்கள் நிலையத்துக்குள் சிதைந்து இந்த இரண்டாக மாறிவிடுகின்றன. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து அலுத்துப்போவது இந்த இடத்தில்தான்.

2019: வாசலை மூடி ஜன்னலைத் திறந்த ஆண்டு

2019 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, நிலத்துக்குப் போகும் எல்லாக் கசடும் முதலில் பி.எஃப்.ஏ.எஸ். சோதனைக்கு உட்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. விதிப் புத்தகத்தில் வடிகட்டு வரம்பு ஏற்கெனவே இருந்தது: பி.எஃப்.ஓ.ஏ. 2.5 பி.பி.பி., பி.எஃப்.ஓ.எஸ். 5.2 பி.பி.பி. சோதித்தவற்றில் பெரும்பாலானவை தாண்டின. சாதாரண வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் ஊர்களின் கசடுகூடத் தாண்டியது. தரைவிரிப்பு, துணி, சமையல் பாத்திரம், அழகுசாதனம் எல்லாவற்றிலிருந்தும் கழுவிக்கொண்டு வருவதால்.

அப்போதே வழி மாறியிருக்க வேண்டும். ஆனால் வரம்பைத் தாண்டிய கசடுக்கும் ஒரு ஏற்பாடு கிடைத்தது: பரப்பப்போகும் வயலின் மண்ணில் ஏற்கெனவே உள்ள அளவைச் சோதித்து, கூட்டிப் பார்த்து, இன்னும் இடமிருந்தால் பரப்பலாம். நிரம்பும் வரை ஊற்றலாம் என்பதே இதன் பொருள். உலோகத்துக்கு 503 விதியில் உள்ள திரள் சுமைக் கணக்கை (ஆண்டாண்டாக நிலத்தில் சேரும் மொத்த அளவுக்கு வைக்கும் வரம்பு) அப்படியே எடுத்து, மண்ணில் முழுதும் நிற்காமல் நீரோடு நகரும் பொருளுக்குப் பொருத்தினார்கள். எங்கள் மதிப்பீட்டில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய தொழில்நுட்பப் பிழை இதுதான். செம்பு வருடக்கணக்கில் உழவடுக்கிலேயே கிடக்கும். பி.எஃப்.ஏ.எஸ். முழுதும் அங்கே கிடக்காது.

ஒரே கூட்டத்தொடரில் இரண்டு சட்டங்கள்

2022 ஏப்ரலில் ஆளுநர் ஜேனட் மில்ஸ் கையெழுத்திட்ட எல்.டி. 1911 (எல்.டி. என்பது மாநில மசோதா எண்), கசடையும் கசடிலிருந்து செய்த கம்போஸ்டையும் நிலத்தில் இடுவதை, விற்பதை, விநியோகிப்பதை அடியோடு நிறுத்தியது. ஆகஸ்ட் 8 முதல் அமல். இதற்கு முந்தைய ஆண்டே, முன்பு அனுமதி பெற்ற 700-க்கும் மேற்பட்ட இடங்களில் மண்ணையும் நீரையும் சோதிக்கும்படி இன்னொரு சட்டம் துறையைப் பணித்திருந்தது. அந்த இடங்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். 10,000 கன கெஜத்துக்கு மேல் கசடு கொட்டி, அரை மைலுக்குள் வீடுகள் இருந்தால் முதல் படி. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 கோடி டாலர் நிதி ஒதுக்கினார்கள். கிணற்றில் 20 பி.பி.டி. தாண்டிய வீடுகளுக்கு வடிகட்டி. இந்த மூன்று ஏற்பாட்டையும் மனதாரப் பாராட்ட வேண்டும். பழைய காயத்தை எண்ணிப் பார்க்கும் தைரியம் பல அரசுகளுக்கு வருவதில்லை.

அதே கூட்டத்தொடரில் எல்.டி. 1639 என்ற இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அது கசடைப் பற்றியதே அல்ல. ஓல்டு டவுன் அருகே உள்ள ஜூனிபர் ரிட்ஜ் குப்பைக் கிடங்கு மாநிலத்துக்குச் சொந்தமானது. தனியார் நிறுவனம் நடத்துகிறது. வெளி மாநிலக் கட்டட இடிபாடுகள் மெய்னில் ஒருமுறை தரம் பிரிக்கப்பட்டால் ‘மெய்ன் குப்பை’ என்று பெயர் பெற்று அங்கே வந்து விழுந்தன. அந்த ஓட்டையை அடைத்தது இச்சட்டம். தனியே பார்த்தால் அதுவும் நியாயமே.

இரண்டும் சந்தித்த இடம் கிடங்கின் சரிவு.

2023: கிடங்கில் என்ன நடந்தது

வயல் மூடியதும் கசடெல்லாம் கிடங்கை நோக்கித் திரும்பியது. பெரும்பகுதி ஜூனிபர் ரிட்ஜுக்கு. 20 சதவீதத் திடப்பொருள் உள்ள கட்டி பார்வைக்கு ஈரக் களிமண் மாதிரி இருக்கும். எண்பது சதவீதம் தண்ணீர். கிடங்கு ஏற்றுக்கொள்ளும் முன் ‘பெயின்ட் ஃபில்டர்’ சோதனை உண்டு: பெயின்ட் வடிகட்டும் கூம்பில் 100 கிராம் போட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், ஒரு சொட்டு விழுந்தாலும் லாரி திரும்பும். பெல்ட் பிரஸ் கட்டி இதில் தேறிவிடும். ஆனால் சொட்டாமல் இருப்பது வேறு, மேலே ஏறும் பாரத்தைத் தாங்குவது வேறு. கசடுக் கட்டி மேல் டோசர் ஏறினால் பிதுங்கும். அதன் மேல் இன்னும் பத்து மீட்டர் குப்பை ஏறினால் நடுவிலுள்ள நீர் அழுத்தம் பெறும், வடிய வழியில்லாமல் சரிவின் பக்கவாட்டில் கசியும், வாயுக் குழாயை அடைக்கும். முற்றினால் சரிவே நழுவும்.

இதற்குக் கிடங்குகள் கையாளும் மருந்து, காய்ந்த பருமனான குப்பையோடு கலப்பது. உடைந்த மரச்சட்டம், சோபா, மெத்தை, தரைவிரிப்பு. இவை எலும்புக்கூடு மாதிரி நின்று கசடைத் தாங்கும், நடுவில் நீர் வடிய இடம் விடும். ஜூனிபர் ரிட்ஜில் அந்தப் பருமக் குப்பை பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து வந்த இடிபாடுதான். ஒரு சட்டம் கசடைக் கூட்டியது, மறு சட்டம் அதைத் தாங்கும் எலும்பைக் குறைத்தது. 2023 தொடக்கத்தில் நடத்துநர் நிறுவனம் சரிவு உறுதியைக் காரணம் காட்டிக் கசடு ஏற்பைச் சுருக்கியது. லாரிகள் எல்லை தாண்டி கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு ஓடின. நகராட்சிகளின் கட்டணம் எகிறியது.

லாரி வராத நாளில் நிலையத்துக்குள் நடப்பதை விதி எழுதுவோர் அரிதாகவே பார்க்கிறார்கள். முதலில் பிரஸ்ஸின் கீழுள்ள பெட்டி நிரம்பும். பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். பிரஸ் நின்றால் கெட்டிப்படுத்தும் தொட்டி நிரம்பும். அது நிரம்பினால் உபரிக் கசடை வெளியே எடுக்க முடியாது. எல்லாம் ஏரேஷன் டேங்குக்கே திரும்பும். மேலே சொன்ன 10 எம்.எல்.டி. நிலையத்தில் டேங்கின் கொள்ளளவு 2,500 கன மீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். (டேங்கு நீரில் கலந்துள்ள கசடின் அடர்த்தி) லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால் உள்ளே இருப்பு 7.5 டன். தினம் 1.8 டன் சேர்ந்தால் மூன்றே நாளில் எம்.எல்.எஸ்.எஸ். 5,000-ஐத் தாண்டும். ஊதிக் காற்று போதாமல் ஆக்சிஜன் இறங்கும். கசடு அடியில் படியும் கிளாரிஃபையர் தொட்டியில் அரை மீட்டரில் இருந்த கசடுப் படுகை மேலேறும். அடியில் தேங்கிய கசடில் நைட்ரஜன் குமிழ் கட்டி, அடை அடையாக மிதக்கும். அடுத்த மழையில் வெயருக்கு (நீர் வழியும் விளிம்பு) மேல் வழிந்து ஆற்றுக்குப் போய்விடும். அமெரிக்காவில் வெளியேறும் நீரின் மிதக்கும் திடப்பொருளுக்கு மாத சராசரி லிட்டருக்கு 30 மி.கி. வரம்பு. வயலைக் காக்கப் போட்ட விதி ஆற்று விதியை மீற வைக்கும் இடம் இது. பி.எஃப்.ஓ.எஸ். அந்தக் கசடோடுதான் போகிறது.

2023 ஜூனில் சட்டமன்றம் அவசரமாகப் பின்வாங்கி, ஆண்டுக்கு 25,000 டன் வெளி மாநிலப் பருமக் குப்பையை இரண்டு ஆண்டுகளுக்கு அனுமதித்தது. சரிவுக்கு எலும்பு திரும்பக் கிடைத்தது.

கிடங்கும் முடிவிடம் இல்லை. ஜூனிபர் ரிட்ஜின் கசிவுநீர் டேங்கர்களில் ஓல்டு டவுன் காகித ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெனோப்ஸ்காட் ஆற்றில் விடப்படுகிறது. அந்த ஆறு பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் வாழ்வாதாரம். வயலில் தடுத்த பி.எஃப்.ஏ.எஸ்.ஸின் ஒரு பங்கு குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு அவர்கள் மீன் பிடிக்கும் நீருக்கு வருகிறது. கசிவுநீருக்குப் பி.எஃப்.ஏ.எஸ். நீக்கும் ஏற்பாட்டைக் கசடுத் தடையோடு சேர்த்தே கட்டாயமாக்கியிருக்க வேண்டும்.

மிச்சிகன் தொடங்கிய முனை

மிச்சிகன் மாநிலம் குழாயின் மறுமுனையிலிருந்து வந்தது. 2018 முதல், முன்சுத்திகரிப்புத் திட்டம் நடத்தும் 95 அளவிலான நகராட்சி நிலையங்களைத் தங்கள் சாக்கடைக்குள் பி.எஃப்.ஏ.எஸ். விடுவது யார் என்று தேடச் சொன்னது. லப்பீர் என்ற ஊரின் கசடில் பி.எஃப்.ஓ.எஸ். மிக அதிகம், தேடினால் ஒரு குரோம் முலாம் ஆலை. முலாம் தொட்டியிலிருந்து ஆறிணைய குரோமியப் புகை எழாமல் இருக்க மேலே நுரை படர வைப்பார்கள். அந்த நுரைப்பொருள் பி.எஃப்.ஓ.எஸ். கொண்டது. தொழிலாளியின் நுரையீரலைக் காக்கச் சேர்த்தது ஊரின் கசடைக் கெடுத்தது. கார்பன் வடிகட்டி வைத்ததும் நிலையத்திலிருந்து வெளியேறும் அளவு 99 சதவீதம் போல இறங்கியது. கசடில் இறங்க மாதங்கள் ஆகும். குழாயின் படிவும் டைஜெஸ்டரில் (கசடைச் செரிக்க வைக்கும் தொட்டி) பழைய இருப்பும் கரைந்து தீர வேண்டும்.

மிச்சிகன் வைத்த எண்ணை ஏற்க எங்களுக்கு மனமில்லை. 2021-இல் 150 பி.பி.பி.க்கு மேல் போனால் நிலத்தில் இடக் கூடாது என்றார்கள். பிறகு 125, 2024-இல் 100. கூட்டரசின் 2025 ஜனவரி வரைவு மதிப்பீடு, கசடில் 1 பி.பி.பி. இருந்தாலே பண்ணைக் குடும்பத்துக்கு ஆபத்து வரம்பு தாண்டக்கூடிய சூழல்கள் உண்டு என்கிறது. எண் தளர்வு, தேடிய முறை சரி. மெய்னும் 2021-இல் பொருள்களில் வேண்டுமென்றே பி.எஃப்.ஏ.எஸ். சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் போட்டது. அதன் பலன் சாக்கடைக்கு வந்துசேர ஆண்டுகள் ஆகும். தடையோ நான்கு மாதத்தில் அமலானது. ஜெர்மனி 2017-இல் கசடு விதியைத் திருத்தியபோது, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள நிலையங்களுக்கு 2029 வரையும், 50,000-க்கு மேற்பட்டவற்றுக்கு 2032 வரையும் அவகாசம் தந்து, அதற்குள் பாஸ்பரஸை மீட்கும் ஆலைகளைக் கட்டச் சொன்னது. மெய்னின் கிணறுகள் அத்தனை ஆண்டு காத்திருக்க முடியாதுதான். ஆனால் தடை அமலாகும் தேதிக்கு முன் மாநிலத்துக்குள் ஒரு உலர்த்தி, கசிவுநீருக்கு ஒரு வடிகட்டி, பருமக் குப்பைக்கு ஒரு கணக்கு, இந்த மூன்றும் வேண்டியிருந்தன.

உலர்த்தி ஏன் என்றால்: 20 சதவீதக் கட்டி 9 டன், 25 சதவீதமானால் 7.2 டன்; 90 சதவீதமானால் 2 டன். லாரி எண்ணிக்கை, கிடங்குச் சரிவு, கட்டணம் மூன்றும் ஒரே எண்ணில் தொங்குகின்றன. உலர்த்துவது பி.எஃப்.ஏ.எஸ்.ஸை அழிக்காது, தண்ணீருக்குக் கூலி கொடுத்து ஊர்வலம் விடுவது நிற்கும்.

அளக்கும்போது தவறுவது

சோதனை அறிக்கை உலர் எடையிலா ஈர எடையிலா என்று முதலில் பாருங்கள். 20 சதவீதக் கட்டியில் ஈர எடைக்கு 4 பி.பி.பி. என்பது உலர் எடைக்கு 20. இந்த ஐந்து மடங்கு வித்தியாசத்தில் வரம்புக்குள் இருப்பதுபோலத் தோன்றும் கசடு உண்டு. மாதிரியை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் புட்டியில் எடுங்கள். டெஃப்லான் உள்பூச்சு மூடி, டெஃப்லான் டேப், மழைக்கோட்டு, எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் சுற்றிய சாப்பாடு இவை மாதிரி எடுக்கும் இடத்துக்கு வரக் கூடாது. வெற்றுநீர் (பி.எஃப்.ஏ.எஸ். இல்லாத தூய நீர்) மாதிரி ஒன்றும் கூடவே போக வேண்டும். 2024 ஜனவரியில் இறுதியான 1633 என்ற முறை கசடையும் சேர்த்து 40 சேர்மங்களை அளக்கிறது. முன்னோடிச் சேர்மங்களில் பல அந்த நாற்பதுக்கு வெளியே நிற்கின்றன.

இந்தியாவில் நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உலோக வரம்புகள் அமெரிக்காவைவிடக் கடுமையானவை: கிலோவுக்குக் காட்மியம் 5 மி.கி., காரீயம் 100, பாதரசம் 0.15, குரோமியம் 50. பி.எஃப்.ஏ.எஸ். அந்த அட்டவணையில் இல்லை. கோவை போல எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள் நிறைந்த ஊரில் எஸ்.டி.பி. கசடை உரமாக்க டெண்டர் விடும்போது, குரோமியத்தோடு நுரைப்பொருளையும் கேட்டு ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் கசடு போகும் இடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மூடினால் எத்தனை நாள் இருப்பு வைக்க இடமுண்டு என்ற எண்ணும் எழுதப்பட வேண்டும். மூன்று நாள் போதாது என்று மேலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கூரை போட்ட களத்தில் முப்பது நாள் இருப்பு என்றால் அதே நிலையத்துக்கு 270 டன் கட்டிக்கு இடம் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் ஏறத்தாழ 270 சதுர மீட்டர், லோடர் திரும்ப இடமும் சுற்றிலும் வடிகாலும் தனி.